கொங்குச் சாலைகளுக்கு டேஷ்கேம்: வாங்குவது முதல் வயர் இழுப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறையிலிருந்து கோவைக்கு வாரத்தில் ஐந்து நாள் காரில் போய்வருகிறேன். ஒன்பது வருடமாக முன் கண்ணாடியில் டேஷ்கேம், அதாவது சாலையில் நடப்பதை வீடியோவாகப் பதியும் கேமரா, இருக்கிறது. சொந்தக்காரர்கள், நண்பர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் என்று முப்பது வண்டிகளுக்கு மேல் என் கையால் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். இது என் தொழில் இல்லை, கடையும் இல்லை. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை கே?" என்றுதான், அதாவது 2கே, 4கே என்று படத்தின் தெளிவைப் பற்றி. நான் முதலில் பார்ப்பது வேறு. மோதல் நடந்த அன்றைக்கு அந்த வீடியோ கார்டில் இருக்குமா? வெயில், மெமரி கார்டு, வயர் இந்த மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றைப் பற்றித்தான்.

வண்டியை வாரம் ஒருமுறைதான் எடுக்கிறேன். எனக்கும் தேவைப்படுமாங்க?

எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்பதைவிட எங்கே ஓட்டுகிறீர்கள் என்பது முக்கியம். நம் பக்கம் ஒரே சாலையில் ரிக் லாரி, கரும்பு டிராக்டர், பல்லடத்துக் கோழி வேன், ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ், ஆடு ஓட்டிப் போகும் பெரியவர், குறுக்கே பறக்கும் மயில் எல்லாம் இருக்கும். தைப்பூசம் நெருங்கினால் தாராபுரம், உடுமலை ரோடுகளில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் இரவெல்லாம் ஓரத்தில் வருவார்கள். இங்கே ஒரு மோதல் நடந்தால் ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடும். பெரும்பாலும் பெரிய வண்டிக்காரர் மேல்தான் தப்பு என்று பேச்சு முடிந்துவிடும். அந்த நேரத்தில் நடந்ததை நடந்தபடி காட்ட ஒரு சாட்சி வேண்டும். வாரம் ஒருமுறை குன்னத்தூர் சந்தைக்குப் போய்வருகிறவருக்கும் இது பொருந்தும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். கேமரா உங்கள் தப்பையும் அதே தெளிவோடு பதியும்.

டேஷ்கேம் எதற்கு, ரேடார் டிடெக்டர் வாங்கிவிட்டால் அபராதமே வராதாமே?

போன மாதம் என் மச்சான் கேட்ட கேள்வி இது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிற ஆசை. ரேடார் டிடெக்டர் என்பது போலீஸ் கருவியிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பிடித்து ஒலி எழுப்பும் ரிசீவர். அமெரிக்காவில் எக்ஸ், கே, கேஏ என்ற அலைவரிசைகளில், அதாவது சுமார் 10.5, 24, 33 முதல் 36 கிகாஹெர்ட்ஸில், வேகம் அளக்கும் ரேடார்கள் இருப்பதால் அங்கே அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அங்கேயே வர்ஜீனியா மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் அதற்குத் தடை இருக்கிறது.

நம் சாலைகளில் நிலைமை வேறு. போலீஸின் இன்டர்செப்டர் வண்டியில் வைத்து அளப்பது பெரும்பாலும் லேசர் துப்பாக்கி. அந்த லேசர் கற்றை 300 மீட்டர் தூரத்தில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம்தான் விரியும். அது உங்கள் வண்டி மேல் பட்டு டிடெக்டர் கத்தும்போது வேகத்தை அளந்து முடித்திருப்பார்கள். நம்பர் பிளேட்டை மட்டும் படித்து எடுக்கும் கேமராக்கள் ரேடார் அலை எதையும் அனுப்புவதில்லை, அதனால் டிடெக்டருக்குத் தெரியப்போவதும் இல்லை. வாளையார் தாண்டிக் கேரளாவுக்குள் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே 2023 ஜூனிலிருந்து 726 ஏஐ கேமராக்கள் அபராதம் போடுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பார்ப்பது சீட் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும். போதாதற்கு, சில கார்களின் பக்கவாட்டு எச்சரிக்கை சென்சாரும் 24 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், அவை பக்கத்தில் வந்தாலே டிடெக்டர் வீணாகக் கத்தும்.

அலையைக் குழப்பும் ஜாமர் பக்கமே போகாதீர்கள். அதைத் தனியார் வைத்திருப்பதே சட்டவிரோதம்.

அபராதம் வரக்கூடாது என்றால் வழி ஏற்கெனவே காரில் இருக்கிறது. 2019 ஜூலைக்குப் பின் தயாரான கார் என்றால் 80-ஐத் தாண்டும்போது விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலி வரும். அதை அமைதிப்படுத்த வழி தேடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி, கேமரா கண்காணிக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பலகையைப் பார்த்து ஓட்டினால் போதும். கார் வேகமாகப் போனால் சட்டத்தில் உள்ள அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். ஒரு டிடெக்டரின் விலை அதைவிடப் பல மடங்கு. மச்சான் அந்தப் பணத்தில் முன்னும் பின்னும் கேமரா மாட்டிக்கொண்டார்.

4கே வாங்கணுமா, 2கே போதுமா?

நம்பர் பிளேட் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். சென்சாரும் (படத்தைப் பிடிக்கும் சில்லு) லென்ஸும் நன்றாக இருக்கும் 2கே கேமரா, மட்டமான சென்சாரில் 4கே என்று அச்சடித்து விற்பதைவிட இரவில் நன்றாகப் பிடிக்கும். வாங்கும் முன் பார்க்க வேண்டியவை: சோனி ஸ்டார்விஸ் மாதிரி இரவுக்கென்று வந்த சென்சாரா, லென்ஸின் எஃப் எண் (குறையக் குறைய அதிக வெளிச்சம் உள்ளே வரும்) 1.8 அல்லது அதற்குக் குறைவா, வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் சமாளிக்கும் எச்டிஆர் அல்லது டபிள்யூடிஆர் உண்டா.

ஒரு கணக்கைப் பாருங்கள். நீங்களும் எதிரே வரும் வண்டியும் தலா 80-ல் போனால் இடைவெளி நொடிக்கு 44 மீட்டர் குறைகிறது. எதிர் வண்டியின் எண் தெளிவாகத் தெரிவது கடைசி 10 மீட்டரில் என்று வைத்துக்கொண்டால், கேமராவுக்குக் கிடைப்பது கால் நொடிக்கும் குறைவு. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவில் ஆறேழு படம். எந்தக் கேமராவாக இருந்தாலும் இதில் தவறலாம்.

இரவில் இன்னொரு சிக்கல். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு வரும் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும். நம் ஹெட்லைட் பட்டதும் வீடியோவில் அது வெள்ளைக் கட்டமாகத் தெரியும். செட்டிங்ஸில் எக்ஸ்போஷரை (கேமரா உள்ளே எடுக்கும் வெளிச்சத்தின் அளவு) ஒரு படி குறைத்து வைத்தால் எழுத்து தெரிய ஆரம்பிக்கும். இதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: கேமராவில் மைக் இருக்கிறது. யாராவது இடித்துவிட்டு ஓடினால் வண்டி எண்ணை உடனே வாய்விட்டுப் படியுங்கள். "டிஎன் 33..., வெள்ளை பிக்கப், பின்னாடி நீலத் தார்ப்பாய்" என்று சத்தமாகச் சொன்னால் படம் மங்கலாக இருந்தாலும் குரல் பதிந்திருக்கும். என் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன்.

சாயங்காலம் கோவை நோக்கி வரும்போது வீடியோ முழுக்க வெள்ளையாகிவிடுகிறதே?

சேலம், ஈரோடு பக்கமிருந்து கோவைக்கு வரும் சாலை தென்மேற்காகப் போகிறது. அவிநாசி தாண்டினால் ஐந்து மணி வெயில் நேரே கண்ணில் அடிக்கும். கேமராவுக்கும் அதே கதிதான். எச்டிஆர் இருந்தால் கொஞ்சம் தாங்கும். மீதி உங்கள் கையில் இருக்கிறது. லென்ஸுக்கு முன்னால் உள்ள கண்ணாடிப் பகுதியை உள்பக்கம் துடையுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும். டேஷ்போர்டில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள், அதன் பிம்பம் கண்ணாடியில் விழுந்து வீடியோவில் பேய் மாதிரித் தெரியும். பிம்பம் ரொம்பத் தொல்லை என்றால் லென்ஸ் மேல் மாட்டும், கண்ணாடிப் பிம்பத்தைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டர் உதவும், ஆனால் அது இரவில் வெளிச்சத்தையும் குறைக்கும். கண்ணாடியில் தொங்கும் பூமாலை லென்ஸுக்குக் குறுக்கே ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை ஒரு வாரம் முழுக்க வீடியோவை மறைத்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

பின்னாடியும் கேமரா வேண்டுமா?

வேண்டும். டோல்கேட் வரிசையில், சிக்னலில், வேகத்தடையில் நாம் நின்றிருக்கும்போது பின்னால் வந்து இடிப்பது இங்கே சாதாரணம். கனியூர், விஜயமங்கலம் டோல்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் புரியும். பின் கேமரா 1080பி (ஃபுல் எச்டி) இருந்தாலே போதும்.

நம் வெயிலுக்கு எந்தக் கேமரா தாங்கும்?

கரூரிலும் ஈரோட்டிலும் சித்திரை மாதம் வெளியே 40 டிகிரி என்றால் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் 60-ஐத் தாண்டும். கேமரா ஒட்டியிருக்கும் கண்ணாடியோரம் அதற்கும் மேல். கேமராக்களில் இரண்டு வகை: உள்ளே சின்ன லித்தியம் பேட்டரி இருப்பது, பேட்டரிக்குப் பதில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மின்சாரத்தைத் தேக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் இருப்பது. இங்கே வாங்க வேண்டியது கெப்பாசிட்டர் வகை மட்டும். இதில் நான் சமரசமே செய்வதில்லை.

என் பங்காளி ஒருவர் பேட்டரி வகைக் கேமரா வாங்கி, மே மாதம் கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டப வாசலில் வெயிலில் வண்டியை விட்டிருந்தார். மறுநாள் என்னிடம் கொண்டுவந்தபோது பின் மூடி பூரி மாதிரி உப்பி, திரையின் ஓரம் மேலே எழும்பி, இடுக்கில் பேட்டரியின் வெள்ளி உறை தெரிந்தது. சார்ஜில் போட்டுப் பார்க்கலாமா என்றார். வேண்டாம் என்று சொல்லி, வீட்டுக்கு வெளியே மண் தரையில் தனியாக வைக்கச் சொன்னேன். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவும் கூடாது, அழுத்தவும் கூடாது, சார்ஜ் செய்யவும் கூடாது.

கெப்பாசிட்டரில் ஒரு குறை உண்டு. கரண்ட் நின்றதும் கடைசி ஃபைலைச் சேமித்து மூடும் அளவுக்குத்தான் அதில் சக்தி இருக்கும். அதனால் சில கேமராக்களில் வண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டால் தேதி, நேரம் பழைய வருடத்துக்குப் போய்விடும். ஜிபிஎஸ் உள்ள கேமரா தானே நேரத்தைச் சரி செய்துகொள்ளும். வழக்கு என்று வந்தால் தவறான தேதி பெரிய தொந்தரவு, ஆகவே ஜிபிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்யலாம்.

மெமரி கார்டு எது வாங்குவது? வீட்டில் பழைய கார்டு கிடக்கிறது, அது ஆகாதா?

ஆகாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சில வருடம் முன்பு ஒரு மாலை, குன்னத்தூர் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் நின்றிருந்த லாரி திடீரென்று பின்னால் வந்தது. நான் ஹாரன் அடித்தேன், அது நிற்கவில்லை. என் பானெட் மடங்கியது, ஒரு ஹெட்லைட் போனது. இறங்கி வந்த டிரைவர் நான்தான் பின்னால் வந்து இடித்ததாகச் சொன்னார். கூட்டமும் அப்படித்தான் நினைத்தது. என்னிடம் கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் நான் வாதாடாமல் நின்றேன். பக்கத்திலிருந்த மாமா வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் கார்டைப் போட்டேன். ஃபைல்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். கடைசி ஃபைல் 19 நாள் பழையது. திறந்தால் எங்கள் வீட்டுக் களத்துமேடும் கட்டியிருந்த எருமையும் தெரிந்தன, வேறு ஒன்றும் இல்லை. கார்டு எழுத மறுத்து 19 நாள் ஆகியிருக்கிறது. குழந்தை தூங்குகிறது என்று எச்சரிக்கை ஒலியை நானே அணைத்திருந்தேன். கேமராவின் திரை ஒவ்வொரு நாளும் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. 18,000 ரூபாய் கையிலிருந்து போனது.

காரணம் இதுதான். போனில் போடும் கார்டில் எப்போதாவதுதான் எழுதுகிறோம். டேஷ்கேமில் வண்டி ஓடும் நேரமெல்லாம் எழுதி, நிறைந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே மறுபடி எழுதும். ஃப்ளாஷ் மெமரி இத்தனை முறைதான் அழித்து எழுதத் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. ஆகவே "ஹை எண்டூரன்ஸ்" என்று அட்டையிலேயே போட்ட கார்டு வாங்குங்கள். எழுதும் வேகத்தைக் காட்டும் யு3 அல்லது வி30 குறி இருக்கட்டும். விலை கூடத்தான். தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள், போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய.

எவ்வளவு கொள்ளளவு? 1080பி வீடியோ நொடிக்கு 16 மெகாபிட் என்று பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 64 ஜிபியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். 4கே நொடிக்கு 40 மெகாபிட் என்றால் அதே கார்டு மூன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடும். பின் கேமராவும் சேர்ந்தால் இன்னும் குறையும். நான் 128 ஜிபி போட்டிருக்கிறேன். கார்டைக் கம்ப்யூட்டரில் ஃபார்மேட் செய்யாமல் கேமராவுக்குள்ளேயே செய்யுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

திம்பம், வால்பாறை போய்வந்தால் கார்டு நிறைந்துவிட்டது என்று வருகிறது. ஏன்?

ஜி சென்சார்தான் காரணம். மோதல் மாதிரி அதிர்ச்சி தெரிந்தால் அந்த ஃபைலை அழியாமல் பூட்டிவைப்பது அதன் வேலை. உணர்திறன் அதிகமாக இருந்தால் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில், ஆழியாறிலிருந்து ஏறும் 40 வளைவுகளில், நம் ஊர் பஞ்சாயத்து ரோட்டு வேகத்தடைகளில் எல்லாம் பூட்டிக்கொண்டே போகும். பூட்டிய ஃபைல்கள் இடத்தை அடைத்தால் புதிதாக எழுத இடம் இருக்காது. சென்சாரைக் குறைந்த அளவில் வையுங்கள். மலைப்பயணம் முடிந்து வந்ததும் கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அப்புறம், பண்ணாரி தாண்டிய காட்டில் யானையைப் படம் பிடிக்க வண்டியை நிறுத்தாதீர்கள். கேமரா ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, தெரிகிற வரை தெரியட்டும்.

வைஃபை, குரல் கட்டளை, லேன் எச்சரிக்கை எல்லாம் வேண்டுமா?

வைஃபை வேண்டும், சம்பவ இடத்திலேயே போனில் இறக்கிக்கொள்ளலாம். மற்றவை இருந்தால் இருக்கட்டும். கோடே இல்லாத ரோட்டில் லேன் எச்சரிக்கை எதைப் பார்த்துச் சொல்லும்?

கண்ணாடியில் எங்கே ஒட்டுவது?

ரியர்வியூ மிரருக்குப் பின்னால், இடது பயணி பக்கம் சற்றுத் தள்ளி. ஓட்டுநர் பார்வைக்குக் குறுக்கே வரக்கூடாது, வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் லென்ஸ் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் வைப்பர் எட்டாத மூலையில் ஒட்டிய கேமரா தண்ணீரைத்தான் படம் பிடிக்கும். ஃபாஸ்டேக்கை மறைக்காதீர்கள். மழை சென்சாரோ, காரின் சொந்தக் கேமராவோ கண்ணாடியில் இருந்தால் அதிலிருந்து விலகி ஒட்டுங்கள். கண்ணாடி மேல் விளிம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகளின் மேல் டேப் சரியாக ஒட்டாது.

ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, காலை நேரத்தில், கண்ணாடி சுடாதபோது ஒட்டுங்கள். அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் கழித்துக் கேமராவை மாட்டினால் சித்திரை வெயிலிலும் விழாது.

வயர் தொங்காமல் நானே இழுத்துவிட முடியுமா? சிகரெட் லைட்டர் சாக்கெட்டே போதாதா?

வண்டி ஓடும்போது மட்டும் பதிந்தால் போதும் என்கிறவருக்கு சாக்கெட் போதும். சார்ஜர் கேமராவோடு வந்ததாக இருக்கட்டும். ஃபியூஸ் பாக்ஸிலிருந்து எடுப்பதென்றால், கேமராவை அதோடு இணைக்கும் வயர் தொகுப்பான ஹார்டுவயர் கிட் வாங்க வேண்டும். பொறுமை உள்ளவர் இரண்டு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

கேமராவிலிருந்து வயரை மேல் கூரைத் துணிக்குள் விரலால் தள்ளிக்கொண்டே பயணி பக்கம் போங்கள். அடுத்து வருவது ஏ பில்லர், அதாவது கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள தூண். இங்கேதான் கவனம். இப்போது பல கார்களில் 6 ஏர்பேக். பக்கவாட்டில் திரை மாதிரி விரியும் கர்ட்டன் ஏர்பேக் அந்தத் தூணுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் மேல் "ஏர்பேக்" என்று எழுதியிருந்தால் உள்ளே உள்ளது என்று அர்த்தம். வயரை ஏர்பேக்குக்கு முன்னால், குறுக்கே ஓட விடாதீர்கள். விரியும்போது வயர் அதைத் தடுக்கலாம், அல்லது முகத்தில் வந்து அடிக்கலாம். ஏர்பேக்குக்குப் பின்பக்கமாக, கம்பெனி வயர் போகும் வழியிலேயே கூடப் போட்டு கேபிள் டையால் கட்ட வேண்டும். அந்த அளவுக்கு மூடியைக் கழற்றத் தெரியாது என்றால் தூணைத் தொடாமல் கதவு ரப்பர் பீடிங்குக்குள் வயரைச் சொருகிக் கீழே கொண்டுவாருங்கள். அது போதும்.

ஃபியூஸ் பாக்ஸில் எந்த ஃபியூஸிலிருந்து எடுப்பது?

கிட்டில் மூன்று வயர் இருக்கும். வழக்கமாகச் சிவப்பு சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு, மஞ்சள் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. நிறம் மாறலாம், கிட்டோடு வரும் தாளைப் படியுங்கள்.

ஒரு மல்டிமீட்டர் அவசியம். டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பாடி இரும்பில் வைத்து, சிவப்பு முனையால் ஃபியூஸ் தலையில் உள்ள சின்னப் புள்ளிகளைத் தொடுங்கள். சாவி போட்டால் 12, எடுத்தால் 0 என்றால் சிவப்பு வயருக்கானது. பவர் சாக்கெட், ஆடியோ ஃபியூஸ்கள் வழக்கமாக இப்படி இருக்கும். எப்போதும் 12 காட்டுவது மஞ்சளுக்கு, ரூம் லைட் ஃபியூஸ் சரிப்படும். சில புதுக் கார்கள் பூட்டிய பிறகு பத்து, இருபது நிமிடம் கழித்துத்தான் தூங்கப் போகும், காத்திருந்து இன்னொரு முறை பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களைத் தொடவே தொடாதீர்கள்.

வயரை வெட்டி இணைக்காமல் "ஃபியூஸ் டேப்" (fuse tap) வாங்குங்கள், இது ஒட்டும் டேப் இல்லை, ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகும் இரட்டைக் குழி இணைப்பு. பழைய ஃபியூஸ் ஒரு குழியில், கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் மற்றொரு குழியில். உங்கள் காரின் ஃபியூஸ் அளவு மினியா, மைக்ரோவா என்று ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். எர்த் வயரைப் பெயின்ட் இல்லாத போல்ட்டில் இறுக்குங்கள். கேமரா அடிக்கடி அணைந்து எரிந்தால் பத்துக்கு எட்டு எர்த்தில்தான் கோளாறு.

நிறுத்தியிருக்கும்போதும் பதிய வைத்தால் பேட்டரி இறங்கிவிடாதா?

இறங்கும், ஆனால் கணக்குப் போட்டு வைக்கலாம். கேமரா 4 வாட் என்றால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 0.35 ஆம்பியர். 35 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியில் பாதியை எடுக்கலாம் என்று வைத்தால் 50 மணி நேரம். மூன்று வயதான பேட்டரியில் அதில் பாதிகூட நம்ப முடியாது. கிட்டில் வோல்ட்டேஜ் குறைந்தால் துண்டிக்கும் வசதி உண்டு, அதை 12.2 அல்லது 12.4-ல் வையுங்கள். 11.8-ல் வைத்துவிட்டு விடிகாலை ரயிலுக்குக் கிளம்பினால் ஸ்டார்ட்டர் "டிக் டிக்" என்று மட்டும் சொல்லும். வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்குப் பார்க்கிங் பதிவே வேண்டாம் என்பேன். கேமரா சூட்டிலேயே கெட்டுவிடும்.

வாரன்ட்டி போய்விடுமா?

கம்பெனி வயரை வெட்டினால் பிரச்சினை செய்வார்கள். ஃபியூஸ் டேப் கழற்றினால் பழையபடி ஆகிவிடும். கடையில் பொருத்தக் கொடுத்தால் "வயர் வெட்டக்கூடாது, ஏர்பேக் பின்னால் போகணும்" என்று முதலிலேயே சொல்லி, வேலை முடியும் வரை பக்கத்தில் நில்லுங்கள். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

லாரிக்கும் இதே கிட் ஆகுமா?

லாரி 24 வோல்ட். கிட்டில் 12-24 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

விபத்து நடந்துவிட்டது. வீடியோவை என்ன செய்வது?

முதலில் ஆள். அடிபட்டவர் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. அடிபட்டவரை மருத்துவமனைக்குச் சேர்க்க வழி செய்வது ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் செய்துவிட்டு வீடியோவுக்கு வாருங்கள்.

கேமராவில் பூட்டும் பட்டனை அழுத்தி, வண்டியை ஓரம் கட்டியதும் கேமராவை அணைத்து, கார்டை எடுத்துவிடுங்கள். அப்படியே ஓட்டிப்போனால் இரண்டு, மூன்று நாளில் மேலே எழுதி அழிந்துவிடும். வீட்டில் அசல் ஃபைலை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள், அம்பு போடாதீர்கள். கார்டை ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி எடுத்துவையுங்கள், புதுக் கார்டு வாங்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், நம்பர் பிளேட் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு நகலோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். கருவியை வைத்திருப்பவர் ஒரு பகுதியையும் நிபுணர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும், ஃபைலின் கைரேகை மாதிரியான ஹாஷ் எண்ணும் அதில் வரும். ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும், அதனால்தான் அசலைத் தொடாதீர்கள் என்கிறேன். வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள். போலீஸ் கார்டைக் கேட்டால் நகல் எடுத்த பிறகு கொடுத்து, பறிமுதல் மகஜரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவைக் குரூப்பில் போடலாமா?

வேண்டாம். அடிபட்டவர் முகம் தெரியும் வீடியோவை அவர் வீட்டார் போனில் முதலில் பார்க்கும்படி ஆகிவிடும். வழக்கும் கெடலாம். வண்டிக்குள் பேச்சு பதிகிறது என்பதை உடன் வருகிறவர்களிடம் சொல்லிவிடுவதும் மரியாதை. என் காரில் அம்மிச்சி ஏறினால் நான் மைக்கை அணைத்துவிடுவேன். திரும்ப இறக்கிவிட்டதும் போட்டுவிட வேண்டும், மறக்கக்கூடாது.

கேமரா வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

திரை எரிவதை நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது போனில் இணைத்து நேற்றைய தேதியில் ஒரு ஃபைலையும் இன்றைய தேதியில் ஒன்றையும் திறந்து, ஐந்து நொடி ஓடவிட்டுப் பாருங்கள். நேரம் சரியா, குரல் கேட்கிறதா, பின் கேமராவும் இருக்கிறதா. எச்சரிக்கை ஒலியை ஒருபோதும் அணைக்காதீர்கள். வருடம் ஒருமுறை கார்டை மாற்றிவிடுகிறேன், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அப்போதுதான் மறக்காது.

வண்டியை விற்கும்போது?

கார்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், உங்கள் வீட்டு வாசலும் போகிற வழியும் அதில் இருக்கும். ஃபியூஸ் டேப்பைக் கழற்றிப் பழைய ஃபியூஸைப் போட்டுக் கொடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய டேப் வரவில்லை என்றால் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அதன் பின்னால் விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் அறுந்து வந்துவிடும்.